காலையில் தரையோடு இறங்கி நிற்கிறது, டேஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்குகள்: எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளையானை

வணக்கம். என்னிடம் இருப்பது எட்டு வயதான ஒரு சொகுசு எஸ்யூவி. ஆறு சிலிண்டர் டீசல், ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் நிற்பது), நான்கு சக்கர ஓட்டம், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். கம்பெனிப் பெயரைச் சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனியைத் திட்டுவதிலேயே போய்விடும், அதனால் சொல்லவில்லை.

இரவு சமமாக நிற்கும் வண்டி காலையில் நான்கு பக்கமும் இறங்கிப் படுத்திருக்கிறது. முன் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருப்பது போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்டார்ட் செய்ததும் வரிசையாகச் செய்திகள்: சஸ்பென்ஷன் கோளாறு, ஏபிஎஸ் கோளாறு, இறக்கக் கட்டுப்பாடு (சரிவில் வேகத்தை அடக்குவது) இயங்காது, பார்க்கிங் பிரேக் கோளாறு. சில நாள் கியர்பாக்ஸ் கோளாறும் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச தூரம் ஓட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் பாதி மறைந்துவிடும்.

ஸ்கேனரை மாட்டினால் பக்கம் பக்கமாகக் கோளாறுக் கோட் வருகிறது. ஒரு மெக்கானிக் ஏபிஎஸ் மாட்யூல் (அதன் கணினிப் பெட்டி) போய்விட்டது என்கிறார். இன்னொருவர் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் என்கிறார். நான்கு ஏர் ஸ்பிரிங்கையும் மாற்று என்று மூன்றாவது ஒருவர். மூன்றுமே கையைக் கடிக்கிற பொருள்கள். யாரை நம்புவது?

கிரீஸ்கை

மூவரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். எதையும் வாங்கவும் வேண்டாம்.

ஏபிஎஸ், சஸ்பென்ஷன், பார்க்கிங் பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. ஒரே நேரத்தில் எல்லாம் கூச்சல் போட்டால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பேட்டரி, எர்த் இணைப்பு, மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் ஒயர். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், எந்தக் கதவையும் திறந்து சிஸ்டத்தை எழுப்புவதற்கு முன் பேட்டரி வோல்டேஜை எடுங்கள். பானெட்டை முந்தைய இரவே திறந்துவைத்தால் முடியும். 12.6க்கு மேல் இருந்தால் நல்லது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான். 12க்குக் கீழே என்றால் காலியை நெருங்கிவிட்டது. அப்புறம் ஒருவரை உள்ளே உட்காரவைத்து செல்ப் எடுக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். அந்த நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் உங்கள் கோட் பட்டியலில் பாதிக்கு விடை கிடைத்த மாதிரி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். புது வண்டிகளில் ஆல்டர்நேட்டரைக் கணினி ஏற்றி இறக்குவதால் கொஞ்ச நேரம் குறைத்துக் காட்டினாலும் பதற வேண்டாம், ஹெட்லைட்டும் பின் கண்ணாடி ஹீட்டரும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

ஓம்விதி

கிரீஸ்கை சொல்வது சரி. ஏன் அப்படி என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இது புரியாமல்தான் ஆட்கள் நல்ல மாட்யூலைக் கழற்றிப் போடுகிறார்கள்.

வோல்டேஜ் திடீரென்று விழும்போது எல்லா மாட்யூலும் ஒரே கணத்தில் மயங்குவதில்லை. சில 9 வோல்ட்டில் அணைந்து மறுபடி எழும், சில தாங்கும். தாங்கிய மாட்யூல் பக்கத்து மாட்யூலிடமிருந்து செய்தி வராததைப் பார்த்து "தொடர்பு அறுந்தது" என்று எழுதிவைக்கும். ஸ்கேனரில் யு என்ற எழுத்தில் தொடங்கும் கோட்கள் பெரும்பாலும் இந்த வகை. யு0121 என்றால் ஏபிஎஸ் மாட்யூலோடு பேச முடியவில்லை என்றுதான் பொருள், அந்த மாட்யூல் செத்துவிட்டது என்று பொருளில்லை. உங்கள் மெக்கானிக் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் ஏபிஎஸ் மாட்யூல் என்றிருப்பார் என்று என் ஊகம்.

பட்டியலை அப்படியே படம் பிடித்து வையுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பேட்டரிக்கு சார்ஜர் போட்டு நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே திரும்பி வருகிற கோட் எதுவோ அதுதான் உண்மையான கோட். மற்றவை வரலாறு.

பல கோட்களோடு அவை பதிவான நேரத்து நிலவரமும் சேமிக்கப்பட்டிருக்கும்: வேகம், வெப்பநிலை, வோல்டேஜ். ஓரளவு நல்ல ஸ்கேனரில் இதைப் பார்க்கலாம், யாரும் பார்ப்பதில்லை. உங்கள் ஏபிஎஸ் கோடு பதிவானபோது வோல்டேஜ் என்ன என்று பாருங்கள்.

மலைப்பாதை

ஏர் சஸ்பென்ஷன் என்றாலே இந்தத் தலைவலிதான். ஏர் ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் போடும் காயில் ஸ்பிரிங் (சாதாரண சுருள் ஸ்பிரிங்) கிட் கிடைக்கிறது, போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கிரீஸ்கை

மலைப்பாதை அண்ணா, உங்கள் வண்டியில் அது ஒத்துப்போயிருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் அதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏர் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டியில் ஹெட்லைட் மட்டம், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, சிலவற்றில் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) இறுக்கம் எல்லாம் வண்டியின் உயரத்தை அளக்கும் சென்சாரை நம்பியிருக்கின்றன. காயில் போட்ட பிறகு எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்கென்று ஒரு பொய் சிக்னல் பெட்டியும் போடுவார்கள். அடுத்து வாங்குகிறவர் பாடு அதோகதி. சுமை ஏற்றினால் பின்பக்கம் தொங்கும். கசிவு எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டாமே.

மலைப்பாதை

சுமையோடு பின்பக்கம் தொங்குவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆளில்லாத மலையில் கம்ப்ரசர் செத்து, வண்டி டயர் மீது உட்கார்ந்துவிட்டால் தெரியும். அவரவர் பயன்பாட்டைப் பொறுத்தது.

நள்ளிரவு மெக்கானிக்

காயில் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் அடித்துக்கொள்ளலாம். வெள்ளையானை சொன்னதில் ஒரு விஷயம் எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான்கு பக்கமும் இறங்குகிறது என்கிறார்.

பல வண்டிகளில் சஸ்பென்ஷன் கணினி, வண்டி பூட்டி நிற்கும்போதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து மட்டத்தைப் பார்க்கும். இன்ஜின் ஓடாததால் இறங்கிய மூலையை ஏற்றுவதற்குக் காற்று அடிக்காது. அதற்குப் பதிலாக மற்ற மூன்று மூலையிலிருந்தும் காற்றை வெளியேற்றி, இறங்கிய மூலைக்குச் சமமாக்கிவிடும். மறுபடி அந்த மூலை இறங்கும், மறுபடி மற்றவை இறங்கும். காலையில் பார்த்தால் நான்கும் படுத்திருக்கும். கசிவு என்னவோ ஒரே இடத்தில்தான். இது தெரியாமல் நான்கு ஏர் ஸ்பிரிங்கையும் மாற்றியவர்கள் நிறைய.

இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மாலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நான்கு சக்கரத்திலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சஸ்பென்ஷன் மாட்யூலுக்குப் போகும் பியூஸை உருவிவிட்டுத் தூங்கப் போங்கள். எந்த பியூஸ் என்று கையேட்டில் இருக்கும். கணினிக்குக் கரண்ட் இல்லாததால் அது எதையும் சமன் செய்யாது. காலையில் மறுபடி அளந்தால் கசிகிற மூலை மட்டும் இறங்கியிருக்கும்.

ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த ஏர் ஸ்பிரிங், அதன் குழாய், குழாய் நுழையும் இணைப்பு, இந்த மூன்றில் ஒன்று. முன் அச்சில் இரண்டும் சேர்ந்து இறங்கினால் அந்த அச்சுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகப்படுங்கள். எதுவுமே இறங்கவில்லை என்றால் கசிவில்லை, உயர சென்சாரோ அதன் சின்ன இணைப்புக் கம்பியோதான்.

வெள்ளையானை

இப்படி ஒரு கோணம் யாரும் சொல்லவில்லை. இன்று இரவே பியூஸை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். வோல்டேஜும் எடுக்கிறேன்.

சன்ரூஃப் சாமி

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டியிலும் இதே மாதிரி எல்லா விளக்கும் எரிகிறது, ஆனால் மழை பெய்த மறுநாள்தான். ஏர் சஸ்பென்ஷன் எனக்குக் கிடையாது. முன்பக்கக் கார்பெட் ஈரமாக இருக்கிற மாதிரி ஒரு வாடை.

ஓம்விதி

உங்களுடையது வேறு கேஸ். ஆனால் இந்த வகை வண்டிகளில் அடிக்கடி வருவது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சன்ரூஃப் என்பது தண்ணீர் புகாத மூடி கிடையாது. ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், அதைச் சுற்றியிருக்கும் தட்டு வாங்கிக்கொண்டு மூலைகளில் உள்ள குழாய் வழியாகக் கீழே அனுப்பும். முன் குழாய்கள் முன் கண்ணாடி ஓரத் தூண்களுக்குள்ளேயே இறங்கும். இலைத்தூளும் மண்ணும் அடைத்தால், அல்லது குழாய் தன் முனையிலிருந்து கழன்றுவிட்டால், தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் போய்விடும். மேலே தொட்டால் லேசான ஈரம்தான் தெரியும். கார்பெட்டுக்கு அடியில் கெட்டியான நுரைப்பஞ்சு இருக்கிறது, அது ஊறிக் கிடக்கும். கெட்ட நேரம் என்னவென்றால், ஒயர் கட்டுகளும் இணைப்புகளும் சில மாட்யூல்களும் தரையிலும் சீட்டுக்கு அடியிலும்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. வடிவமைத்தவரைக் கேட்டால் அங்குதான் இடம் இருந்தது என்பார்.

சன்ரூஃபைத் திறந்து, தட்டின் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் அதே பக்கத்தில் ஒழுகினால் குழாய் நன்றாக இருக்கிறது. தட்டிலேயே தேங்கினால் அடைப்பு. தட்டிலும் தேங்கவில்லை, கீழேயும் வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அடைப்பை எடுக்க மெல்லிய நைலான் கம்பி போதும். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடிக்காதீர்கள். குழாய் உள்ளே கழன்றுவிட்டால் கூரைத் துணியை இறக்கித்தான் மாட்ட வேண்டும்.

ஈரம் மழையில்லாமலும் வருகிறதென்றால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள். ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது தண்ணீரே அல்ல, ஹீட்டரிலிருந்து வரும் கூலண்ட்.

சன்ரூஃப் சாமி

டம்ளர் சோதனை செய்தேன். இடது பக்கம் தேங்குகிறது. சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டரில் பச்சையாகப் படிந்திருக்கிறது. கழற்றித் துடைக்கலாமா?

ஓம்விதி

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். முக்கியமாக, சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் இருந்தால் அவை ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட் இழுப்பானுக்கோ உரியவை. பேட்டரியைக் கழற்றிக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்காமல் கை வைக்காதீர்கள், மீட்டரின் ஊசியையும் அதில் வைக்காதீர்கள். மற்ற கனெக்டரை கான்டாக்ட் கிளீனர் தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து, முழுக்க உலரவிட்டு மாட்டலாம். கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின் அரித்துப் பாதியாகிவிட்டிருந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை, பின்னை மாற்ற வேண்டும். நுரைப்பஞ்சை வெளியே எடுத்து உலர்த்தாமல் கார்பெட்டை மூடினால் மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

நெறியாளர்

சன்ரூஃப் சாமி, உங்கள் கேள்வியைத் தனி இழையாகப் பிரித்துத் தொடருங்கள். இங்கே வெள்ளையானையின் வண்டி முதலில்.

வெள்ளையானை

அளவுகள் இதோ.

பியூஸை எடுத்துவிட்டு நிறுத்தியதில் மூன்று மூலையும் அசையவில்லை. முன் இடது மட்டும் 6 செ.மீ. இறங்கியிருக்கிறது. நள்ளிரவு மெக்கானிக் அவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

பேட்டரி: பியூஸ் மாட்டியிருந்த இரவுக்குப் பிறகு காலையில் 11.9. செல்ப் எடுக்கும்போது 8.7 வரை போனது. ஓடும்போது 14.4. பழைய ஏபிஎஸ் கோடோடு பதிவாகியிருந்த வோல்டேஜைப் பார்த்தேன், 8.9.

கிரீஸ்கை

கதை தெளிவாகிறது. ஆல்டர்நேட்டர் நன்றாக வேலை செய்கிறது. பேட்டரி இரவில் காலியாகிறது, அல்லது வயதாகிச் சார்ஜைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. இரண்டில் எது என்று பிரிக்க வேண்டும். சார்ஜரில் முழுக்க நிரப்பி, லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். தேறவில்லை என்றால் மாற்றுங்கள். ஸ்டார்ட் ஸ்டாப் வசதி உள்ள வண்டி என்றால் ஏஜிஎம் போன்ற, அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் வகைதான் போட வேண்டும், சாதாரண பேட்டரி சீக்கிரம் போய்விடும்.

மலைப்பாதை

பேட்டரியை மாற்றினால் முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓம்விதி

முடியாது. புது பேட்டரியையும் அதே திருடன் தின்பான். நிற்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்காமல் புது பேட்டரி போட்டால் சில மாதத்தில் அதுவும் இதே நிலைக்கு வரும்.

பூட்டி நிற்கும் வண்டி, எல்லா மாட்யூலும் தூங்கிய பிறகு, பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இழுக்க வேண்டும். அரை ஆம்பியர் போனால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 90 ஆம்பியர் மணி பேட்டரி ஒரே வாரத்தில் காலி.

அளக்கும் முறையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பானெட்டைத் திறந்திருந்தால் வண்டி தூங்காது. பூட்டு நாக்கை ஒரு ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள், முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் பானெட் மூடாது. ஒரு ஜன்னலை இறக்கி வையுங்கள். சாவியைத் தூரமாக எடுத்துப் போங்கள், கீலெஸ் சாவி பக்கத்தில் இருந்தால் சில வண்டிகள் விழித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி நெகட்டிவ் கேபிளில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டுப் பூட்டுங்கள். அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வரை தொடாமல் இருங்கள். பூட்டிய உடனே பல ஆம்பியர் காட்டும், அது இயல்பு. படிப்படியாக இறங்கும்.

இறங்கவே இல்லை என்றால் பியூஸை ஒவ்வொன்றாக உருவாதீர்கள். உருவி மாட்டும்போதே ஏதாவது மாட்யூல் விழித்துக்கொள்ளும், அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பியூஸ் மாட்டியபடியே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிக்கும் இடையே மில்லிவோல்ட் அளவில் அளந்து பாருங்கள். சுத்தமாக 0 என்றால் அந்த வழியில் கரண்ட் போகவில்லை. ஏதாவது காட்டினால் அதுதான் வழி.

நள்ளிரவு மெக்கானிக்

என் ஊகம்: திருடன் வேறு யாருமில்லை, அந்தக் கசிவுதான். மட்டம் இறங்க இறங்கக் கணினி எழுகிறது, எழும்போது தன்னோடு மற்ற சிலரையும் எழுப்பும். காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஏற்கெனவே இளைத்த பேட்டரியில் கம்ப்ரசர் வேறு நான்கு மூலையையும் தூக்கப் பார்க்கும். சேர்ந்தாற்போல எல்லா விளக்கும் எரியாமல் என்ன செய்யும்?

முன் இடது பக்கம் சோப்பு நீர் தெளித்துப் பாருங்கள். வண்டியைக் கரடுமுரடு பாதைக்கான உயரத்துக்கு ஏற்றிவிட்டுத் தெளிக்க வேண்டும். தாழ்ந்த நிலையில் ரப்பர் மடிந்திருக்கும், விரிசல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். குழாய் நுழையும் இணைப்பை மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். காற்றை நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஜாக்கி வைப்பதற்கு முன் சஸ்பென்ஷனை ஜாக்கி நிலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி தூக்கப்பட்டதைப் பார்த்து கணினி காற்றை இறக்கும். ஜாக்கி ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் அடியில் கை.

புது டயர்

இழை பிடித்திருக்கிறது, என் கேள்வியும் இதோடு. மெதுவாக வளைக்கும்போது பின்னாலிருந்து இடிக்கிறது, பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி. கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். முன் டயர் இரண்டும் போன மாதம்தான் புதிதாகப் போட்டேன்.

கிரீஸ்கை

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. முன்னால் 8 மி.மீ. பள்ளம் உள்ள புது டயர், பின்னால் 3 மி.மீ. தேய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம். 38 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் அது 1.3 சதவீதம். நேராகப் போகும்போதும் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், அந்த வித்தியாசத்தை, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் கிளட்ச் ஓயாமல் விழுங்கிக்கொண்டே இருக்கும். எண்ணெய் சூடாகும், கிளட்ச் தேயும். நான்கு சக்கர ஓட்டத்தில் நான்கு டயரும் ஒரே பிராண்டு, ஒரே அளவு, தேய்மானத்தில் இரண்டு மூன்று மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முதலில் டயரைச் சரிசெய்யுங்கள், டிரான்ஸ்பர் கேஸ் எண்ணெயை மாற்றுங்கள், கம்பெனி சொன்ன எண்ணெயே ஊற்றுங்கள். இடிப்பு நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் பேச்சே வேண்டாம்.

கியர்பாக்ஸ் எண்ணெயும் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று வண்டிக் கம்பெனிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சொகுசு வண்டிகளில் இருக்கும் எட்டு கியர் பெட்டியைச் செய்கிற இசட்எப் நிறுவனமே ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. அதில் பில்டர் பிளாஸ்டிக் எண்ணெய்த் தட்டோடு சேர்ந்தே வரும், தட்டையும் மாற்ற வேண்டும். மட்டம் பார்ப்பது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கையில். கண்ணளவில் ஊற்றுகிற இடத்தில் விடாதீர்கள்.

வெள்ளையானை

நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோப்பு நீரில் ஏர் ஸ்பிரிங் ரப்பரில் ஒரு குமிழியும் இல்லை. ஸ்ட்ரட்டின் (ஏர் ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த தூண்) தலையில் குழாய் நுழையும் பித்தளை இணைப்பில் நுரை பொங்கியது! காற்றை முறைப்படி வெளியேற்றிவிட்டு, குழாயின் நுனியைக் கொஞ்சம் நேராக வெட்டி, புது இணைப்பு போட்டார் மெக்கானிக். கையளவு கூட இல்லாத பொருள். மூலை இப்போது இறங்கவில்லை.

அதற்கு முன்பும் பின்பும் கரண்ட் அளந்தேன். முன்பு 30 மில்லிஆம்பியருக்கு இறங்கும், அப்புறம் திடீரென்று பல ஆம்பியருக்கு ஏறும், நெடுநேரம் கழித்து இறங்கும், மறுபடி ஏறும். சஸ்பென்ஷன் பியூஸை எடுத்தால் ஏறவே இல்லை. இணைப்பு மாற்றிய பிறகு 30லேயே நிற்கிறது. பேட்டரி லோடு டெஸ்டில் தேறவில்லை, அதையும் மாற்றியாகிவிட்டது.

கோட்களை அழித்துவிட்டு ஓட்டினேன். சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், யு வகை எல்லாம் போயே போய்விட்டன. ஆனால் இறக்கக் கட்டுப்பாடும் பார்க்கிங் பிரேக்கும் மட்டும் மறுபடி வருகின்றன. தினமும் இல்லை, பிரேக்கை லேசாகத் தொட்டு ஓட்டும்போது. இப்போது ஏபிஎஸ் மாட்யூலா?

கிரீஸ்கை

இன்னும் இல்லை. பிரேக்கை லேசாகத் தொடும்போது என்கிறீர்களே, பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச்சைப் பாருங்கள். பிரேக் விளக்கை எரியவைப்பது மட்டும் அதன் வேலையில்லை. பல வண்டிகளில் அதற்குள் இரண்டு தொடர்பு இருக்கும், பெடலை மிதித்தால் ஒன்று மூடும், மற்றது திறக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் கணினி இறக்கக் கட்டுப்பாடு, பார்க்கிங் பிரேக், குரூஸ் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். ஸ்கேனரில் நேரடி அளவைத் திறந்து, பெடலை மெதுவாக, மிக மெதுவாக மிதித்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாற வேண்டும்.

அது நன்றாக இருந்தால் சக்கர வேக சென்சார். நேரான சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி, நான்கு சக்கர வேகத்தையும் பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தடுமாறினால் அந்தப் பக்கம். வண்டி மிக மெதுவாகப் போகும்போதுதான் கெட்ட சென்சார் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஓம்விதி

இரண்டும் தேறிவிட்டால் மட்டும் கேன் ஒயருக்கு (மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் ஒயர்) வாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6ஆம், 14ஆம் பின். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் இடையே ஓம் அளந்தால் 60க்குப் பக்கத்தில் வர வேண்டும், ஒயரின் இரு முனையிலும் 120 ஓம் தடை இணையாக இருப்பதால். 120 காட்டினால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது. 0க்குப் பக்கம் என்றால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில புது வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள் ஒயருக்கும் நடுவே இடைத்தரகர் போல கேட்வே மாட்யூல் இருக்கும், அப்போது இந்த எண் உள்ளே இருப்பதைச் சொல்லாது. உங்களுக்கு யு கோட்கள் போய்விட்டதால் இங்கே வரத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன்.

வெள்ளையானை

சுவிட்ச்தான்! முதல் தொடர்பு மாறி, பெடல் இன்னும் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் இரண்டாவது மாறுகிறது, சில தடவை மாறவே இல்லை. புது சுவிட்ச் மாட்டியாகிவிட்டது. மாட்டும்போது பெடலைத் தொடக்கூடாது என்று பெட்டியில் இருந்தது, அது தானாகவே நீளத்தைச் சரிசெய்துகொள்ளும் வகையாம். டேஷ்போர்டு சுத்தமாக இருக்கிறது.

இரண்டு சந்தேகம் மிச்சம். புது பேட்டரியைக் கணினிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறார்கள், அவசியமா? கம்ப்ரசர் இவ்வளவு நாள் அதிகமாக ஓடியிருக்கிறது, அதை விட்டுவைக்கலாமா?

கிரீஸ்கை

உங்கள் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சின்ன சென்சார் பெட்டியும் மெல்லிய ஒயரும் இருந்தால், அநேகமாக அவசியம். வயதுக்கு ஏற்றபடி சார்ஜ் செய்கிற சிஸ்டம் அது. தெரிவிக்காவிட்டால் புது பேட்டரியைப் பழைய கிழமாக நினைத்து அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்யும். ஓரளவு நல்ல ஸ்கேனரிலேயே அந்த வசதி இருக்கும். அளவும் வகையும் பழையதைப் போலவே இருந்தால் வெறும் பதிவு போதும், மாறியிருந்தால் அதையும் மாற்றி எழுத வேண்டும். பேட்டரி கழற்றிய பிறகு ஜன்னல்கள் ஒரே தொடுதலில் மேலே போகாவிட்டால் ஒவ்வொன்றையும் முழுக்க மேலே ஏற்றிச் சில விநாடி பொத்தானைப் பிடித்திருங்கள். ஸ்டியரிங் கோண எச்சரிக்கை வந்தால் ஸ்டியரிங்கை முழு இடது, முழு வலது திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

நள்ளிரவு மெக்கானிக்

கம்ப்ரசரை விட்டுவைக்கலாம், அதற்குக் கரண்ட் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயை விட்டுவைக்காதீர்கள். அதிகம் ஓடிய கம்ப்ரசரின் ரிலேயில் தொடர்பு கருகி ஒட்டிக்கொண்டால், கணினி நிறுத்தச் சொன்னாலும் கம்ப்ரசர் நிற்காது, தானே எரிந்துபோகும்வரை ஓடும். ரிலேயின் விலை ஒன்றுமில்லை. காற்று உறிஞ்சும் பில்டரையும் பாருங்கள். தாழ்ந்த நிலையிலிருந்து மேல் நிலைக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று இப்போதே எடுத்துக் குறித்துவையுங்கள். சில மாதம் கழித்து அதே ஏற்றத்துக்குக் கணிசமாகக் கூடுதல் நேரம் எடுத்தால், அப்போது பிஸ்டன் ரிங்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளும் மாற்றலாம். முழுக் கம்ப்ரசரையும் வாங்க வேண்டியதில்லை, ரிப்பேர் கிட் கிடைக்கும்.

வெள்ளையானை

புது ரிலேக்குச் சொல்லியாகிவிட்டது. ஏற எடுக்கும் நேரத்தை நாளைக் காலையில் எடுத்துவிடுகிறேன். குளிர்ந்த வண்டியில் எடுப்பதா, ஓட்டிய பிறகா?

நள்ளிரவு மெக்கானிக்

குளிர்ந்த வண்டியில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆள் யாரும் உள்ளே ஏறாமல் நீங்கள் மட்டும். காற்றுத் தொட்டி உள்ள வண்டி என்றால் முதல் ஏற்றம் தொட்டிக் காற்றிலேயே நடந்துவிடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இறக்கிவிட்டு உடனே செய்கிற அடுத்த ஏற்றத்தை எடுங்கள்.